நோர்மனையும் பிடித்த நீதிமன்றம்

2009 ஏப்ரலில் என் பகல்கள் வெஸ்ட்மினிஸ்ரர் பாராளுமன்றச் சதுக்கத்திலும் இரவுகள் பெக்கம் பகுதியிலிருந்த ஒரு பெற்றோல் நிலையத்திலும் கழிந்தன. ஏப்ரல் 6ம் திகதி தொடங்கிய அந்தப் போராட்டத்துக்கு எம்மவர் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்திருந்தார்கள். வன்னியில் போர் ஒரு கடற்கரைத் துண்டுக்குள் ஒடுங்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஊரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பும் வராத வீடுகளிலிருந்து வந்தவர்கள், வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தவர்கள், பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த தாய்மார் என்று சதுக்கம் நிறைந்திருந்தது. சர்வதேச சமூகம் தலையிடவேண்டும் என்பதே எல்லோர் வாயிலும் இருந்த வசனம். அந்தச் சர்வதேச சமூகம் என்பது யார், அது எப்போது தலையிடும், எப்போது தலையிடாது என்றெல்லாம் யோசிக்க அப்போது எவருக்கும் நேரமிருக்கவில்லை.

இரவு வேலையில் என்னோடு நின்றவர் சியரா லியோன்காரர். போ நகரைச் சேர்ந்த மென்டே இனத்தவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஏப்ரல் 8ம் திகதி இரவு நான் வேலைக்குப் போனபோது கல்லாவுக்குப் பக்கத்தில் வானொலியை வைத்து ஆபிரிக்கச் செய்தி கேட்டுக்கொண்டு நின்றார். அன்றுதான் சியரா லியோனுக்கான விசேட நீதிமன்றம், புரட்சிகர ஐக்கிய முன்னணியின் தலைவர்கள் மூவருக்கு 52, 40, 25 ஆண்டுகள் என்று சிறைத்தண்டனை விதித்திருந்தது. நாள் முழுக்கக் கத்திக் கத்தி அடைத்துப்போயிருந்த தொண்டையோடு, "நீங்கள் குடுத்துவைத்தவர்கள். உங்களுக்கு ஒரு நீதிமன்றமாவது கிடைத்தது" என்றேன்.

அவர் வானொலியை நிறுத்தினார். "அந்த நீதிமன்றம் எங்களுடைய ஆளையும்தான் பிடித்தது. தீர்ப்பு வருமுன்னரே காவலில் செத்துப்போனார். உங்களுக்கும் அப்படியொன்று வந்தால் அது உங்களுடைய ஆட்களைப் பற்றியும் கேட்கும். சொல்லுவீர்களா?" என்று கேட்டார்.

ஒரு கார் வந்து நின்றது. அதைச் சாட்டாக வைத்து நான் பதில் சொல்லாமல் தப்பிக்கொண்டேன். அந்தக் கேள்விக்கு முகங்கொடுக்கவேண்டுமானால் அவருடைய நாட்டின் கதையை முதலில் தெரிந்துகொள்ளவேண்டும். அந்தக் கதையின் பல கட்டங்களில் நாம் வாழும் இந்த லண்டனும் இருக்கிறது.

2

கதையின் தொடக்கமே லண்டனில்தான். அமெரிக்க சுதந்திரப் போரில் பிரித்தானியாவின் பக்கம் நின்ற கறுப்பினத்தவர் பலர் போர் முடிந்ததும் லண்டன் தெருக்களில் வேலையின்றிப் பட்டினி கிடந்தார்கள். அவர்களுக்கு உதவ அமைந்த ஒரு குழு, அவர்களை மேற்கு ஆபிரிக்காவுக்கு அனுப்பிவிடுவதே உதவி என்று முடிவெடுத்தது. அடிமை வணிகத்தை எதிர்த்த கிரான்வில் சார்ப் அத்திட்டத்தின் முன்னோடி. 1787இல் ஏறத்தாழ 400 பேர் கப்பலேறினார்கள். நோயாலும் உள்ளூர்த் தலைவர்களுடனான மோதலாலும் அந்தக் குடியேற்றம் இரண்டு ஆண்டுகளில் அழிந்தது. 1792இல் கனடாவின் நோவா ஸ்கோசியாவிலிருந்து வந்த சுமார் 1,200 கறுப்பினத்தவர் கட்டியெழுப்பியதே பிறீரவுன், சுதந்திரப் பட்டினம். 1808இல் அது முடிக்குரிய குடியேற்றநாடாயிற்று. 1896இல் உள்நாடு முழுவதும் பிரித்தானியாவின் பாதுகாப்பின் கீழ் வந்தது. இரண்டாண்டுக்குள், 1898இல், குடிசை வரிக்கு எதிராக பாய் புரே தலைமையில் கிளர்ச்சி வெடித்தது.

1930இல் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. 1935இல் அதைத் தோண்டும் ஏகபோக உரிமை லண்டன் மூலதனத்தோடு இணைந்த ஒரு கம்பனிக்கு 99 ஆண்டுகளுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. 1961 ஏப்ரல் 27இல் கொடி மாறியது. பின்னர் ஆட்சிக்கு வந்த சியாக்கா ஸ்ரீவன்ஸ் வைரத்தையும் அரசையும் தன் கூட்டாளிகளின் சொத்தாக்கினார். பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரிகளும் பெயருக்கு மட்டும் இருந்தன. போருக்குப் பிறகு அமைந்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2004இல் வெளியிட்ட அறிக்கை, போரின் அடிப்படைக் காரணம் பல்லாண்டுகால ஊழலும் சீர்கெட்ட ஆட்சியும் மக்களின் உரிமை மறுப்புமே என்றுதான் சொன்னது. வைரம் அந்த நெருப்புக்கு எண்ணெய் வார்த்தது.

1991 மார்ச் 23இல் லைபீரிய எல்லையைக் கடந்து பொடே சன்கோவின் புரட்சிகர ஐக்கிய முன்னணி உள்ளே வந்தது. பின்னால் நின்றவர் லைபீரியாவின் சார்ள்ஸ் ரெய்லர். விடுதலை என்று தொடங்கிய அந்த இயக்கம் பிள்ளைகளைப் பிடித்துப் போதைமருந்து கொடுத்துச் சுடப் பழக்கியது. பெண்களைக் கவர்ந்து 'மனைவி'களாக்கியது. 1996 தேர்தலில் வாக்குப் போடவேண்டாம் என்று சொல்வதற்காக மக்களின் கைகளை வெட்டியது. முழங்கைக்கு மேலா மணிக்கட்டிலா வெட்டுவது என்று கேட்பதற்கு, சட்டைக் கையைச் சொல்வதுபோல, அரைக்கையா முழுக்கையா என்று அவர்களிடம் ஒரு வழக்கே இருந்தது. போர் முடிந்தபோது இறந்தவர்கள் 50,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

அந்த 1996 தேர்தலில் வென்றவர் அஹமட் தேஜன் கபா. 1997 மே 25இல் இராணுவத்தின் ஒரு பகுதி அவரைத் துரத்திவிட்டுப் புரட்சிகர முன்னணியைக் கூட்டாளியாக அழைத்துக்கொண்டது. அதே மாதம்தான் லண்டனில் ரொனி பிளேயரின் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்து, வெளிநாட்டமைச்சர் ரொபின் குக் தமது வெளிநாட்டுக் கொள்கைக்கு ஓர் அறப் பரிமாணம் இருக்கும் என்று அறிவித்திருந்தார். ஒக்ரோபரில் ஐ.நா. பாதுகாப்புச் சபை சியரா லியோனுக்கு ஆயுதத் தடை விதித்தது. 1998 தொடக்கத்தில், லண்டன் செல்சியில் அலுவலகம் வைத்திருந்த சான்ட்லைன் என்ற கூலிப்படைக் கம்பனி கபாவின் பக்கத்துக்கு ஆயுதங்களை அனுப்பியது வெளியே வந்தது. வெளிநாட்டு அலுவலகத்துக்குத் தெரிந்தே நடந்தது என்றது கம்பனி. 1998 யூலையில் வந்த விசாரணை அறிக்கை அமைச்சர்களைக் குற்றத்திலிருந்து விடுவித்து, அதிகாரிகளின் தவறான கணிப்பென்று முடித்தது.

இந்த இடத்தில் எம்மவருக்கு இன்னொரு பெயர் ஞாபகம் வரவேண்டும். 1984 முதல் இலங்கையின் விசேட அதிரடிப்படைக்குப் பயிற்சி கொடுத்த கே.எம்.எஸ். நிறுவனமும் முன்னாள் பிரித்தானியப் படையினரின் கம்பனிதான். லண்டனிலிருந்து போகும் கூலிப்படை ஓரிடத்தில் ஜனநாயகத்தைக் காக்கிறது, இன்னோரிடத்தில் கிழக்கிலங்கைக் கிராமங்களுக்குள் இறங்குவோரைப் பயிற்றுவிக்கிறது. இரண்டிலும் அரசு தனக்கொன்றும் தெரியாது என்று சொல்லக்கூடிய தூரத்தில் நிற்கிறது.

3

1999 சனவரி 6இல் புரட்சிகர முன்னணியும் அதன் கூட்டாளிகளும் பிறீரவுனுக்குள் புகுந்தார்கள். சில வாரங்களில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். அந்த இரத்தம் காயுமுன்னரே, 1999 யூலை 7இல், டோகோவின் தலைநகர் லோமேயில் சமாதான ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. முந்திய ஆண்டில் மரணதண்டனை விதிக்கப்பட்டிருந்த சன்கோவுக்கு அதில் உபஜனாதிபதிக்குச் சமமான அந்தஸ்தும், நாட்டின் கனிவளங்களைப் பார்க்கும் ஆணைக்குழுவின் தலைமையும் கிடைத்தன. எல்லாத் தரப்பினருக்கும் முழுப் பொதுமன்னிப்பும் கிடைத்தது. கையொப்பமிடுகையில் ஐ.நா. பிரதிநிதி ஒரு குறிப்பைச் சேர்த்தார்: இனப்படுகொலை, மானுடத்துக்கெதிரான குற்றங்கள், போர்க்குற்றங்கள் ஆகியவற்றுக்கு இந்த மன்னிப்புப் பொருந்தாது என்பதே ஐ.நா.வின் விளக்கம் என்று. அன்றைக்கு அதை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. பின்னால் ஒரு நீதிமன்றமே அந்தக் குறிப்பின் மேல் எழும்பியது.

சமாதானத்தைக் காக்க ஐ.நா. படை வந்தது. அதன் முதல் தளபதி இந்தியாவின் மேஜர் ஜெனரல் விஜய் ஜெட்லி. 2000 மே மாதத்தில் புரட்சிகர முன்னணி ஐ.நா. படையினர் 500 பேர் வரையில் பிடித்துவைத்தது. கிழக்கே கயிலாகுனில் இருநூறுக்கு மேற்பட்ட இந்தியப் படையினர் ஏறத்தாழ 75 நாட்கள் முற்றுகைக்குள் கிடந்து, யூலை நடுவில்தான் சண்டையிட்டு வெளியேறினார்கள். 1987 முதல் 1990 வரை இந்தியப் படையை அமைதிப்படை என்ற பெயரில் பார்த்தவர்கள் நாம். அங்கே கயிலாகுனில் நின்றவர்களைப் பற்றி வாசித்தபோது என் மனதில் எழுந்தது எளிதான உணர்ச்சியல்ல. ஒரே நாட்டின் இராணுவம் ஓர் ஊரில் வைத்தியசாலைக்குள் புகுந்து சுட்டதாகவும், இன்னோர் ஊரில் காவலுக்கு நின்று முற்றுகைக்குள் அகப்பட்டதாகவும் நினைவில் நிற்கமுடியும். எந்தக் கட்டளையோடு, யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டு ஒரு படை வருகிறது என்பதே அதன் குணத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

ஐ.நா. படை சரியும் நிலையில் இருந்தபோதுதான் பிரித்தானியா இறங்கியது. மே 7இல் பிரிகேடியர் டேவிட் ரிச்சர்ட்ஸ் தலைமையில் பரசூட் படையினர் பிறீரவுன் விமானநிலையத்தைப் பிடித்தார்கள். பிரித்தானியப் பிரஜைகளை வெளியேற்றுவதே அவர்களுக்கிடப்பட்ட பணி. ஆனால் அவர்கள் நின்றுவிட்டார்கள். நகரம் தப்பியது. மே 17இல் சன்கோ பிடிபட்டார். செப்ரெம்பரில் தம் படையினரைப் பிடித்துவைத்திருந்த ஓர் ஆயுதக் கும்பலைப் பிரித்தானியர் அழித்தார்கள். பின் அரச இராணுவத்தைப் புதிதாகப் பயிற்றுவித்தார்கள். ஐ.நா. படை 17,500 பேராக உயர்த்தப்பட்டது. 2002 சனவரியில் போர் முடிந்ததென்று அறிவிக்கப்பட்டது.

பிரித்தானியாவின் இந்தத் தலையீடு அந்த நாட்டு மக்களில் பெரும்பாலோருக்கு நன்மை செய்தது என்பதை மறுக்கமுடியாது. என் நண்பரும் மறுத்ததில்லை. ஆனால் அது நடந்ததற்கான காரணங்களை எண்ணிப்பார்க்கவேண்டும். தெரிவுசெய்யப்பட்ட அரசே அவர்களை அழைத்தது. பாதுகாப்புச் சபையில் தடுப்பதற்கு எவருமில்லை. எதிரே நின்ற இயக்கத்துக்கு ரெய்லரைத் தவிர வலுவான ஆதரவாளர் கிடையாது. சில நூறு படையினரால் நிலைமை திரும்பக்கூடியதாக இருந்தது. சான்ட்லைன் விவகாரத்தில் கெட்ட பெயரைத் துடைக்கவேண்டிய தேவையும் லண்டனுக்கு இருந்தது. சதுக்கத்தில் நாம் கூடியிருந்தபோது இவற்றில் ஒன்றாவது எமக்கிருக்கவில்லை. இலங்கை அரசு எவரையும் அழைக்கவில்லை. சீனாவும் ரஷ்யாவும் பாதுகாப்புச் சபையின் கதவில் நின்றன. போர் முடிந்து எட்டு நாட்கள் கழிந்து, 2009 மே 27இல், ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானத்தை 29 வாக்குகளால் நிறைவேற்றியது. எதிர்த்தவை 12 நாடுகள் மட்டுமே.

4

2000 யூனில் ஜனாதிபதி கபா ஐ.நா. செயலாளர் நாயகம் கோபி அனானுக்கு ஒரு கடிதம் எழுதினார். சன்கோவையும் அவரது கூட்டாளிகளையும் விசாரிக்க ஒரு நீதிமன்றம் வேண்டும் என்பது அதன் சாரம். ஓகஸ்டில் பாதுகாப்புச் சபை இணங்கியது. 2002 சனவரி 16இல் ஐ.நா.வும் சியரா லியோன் அரசும் ஒப்பந்தம் செய்தன. உருவானது ஒரு கலப்பு நீதிமன்றம்: நீதிபதிகளில் பெரும்பான்மையினரை ஐ.நா. நியமிக்க, மிகுதியை அரசு நியமித்தது. ருவண்டாவுக்கான நீதிமன்றம் தன்சானியாவிலும் யூகோஸ்லாவியாவுக்கானது ஹேக் நகரிலும் இருந்தபோது, இது குற்றம் நடந்த நாட்டின் தலைநகரிலேயே இருந்தது. மரணதண்டனை கிடையாது. 1996 நவம்பர் 30க்குப் பிந்திய குற்றங்களுக்கு 'மிகப்பெரும் பொறுப்பு' உடையவர்களை மட்டும் விசாரிப்பது என்று வரையறை. செலவுக்கு நாடுகள் விரும்பிக் கொடுக்கும் பணம்.

கபா கடிதம் எழுதியபோது தன் எதிரிகளைத்தான் மனதில் வைத்திருந்தார். ஆனால் நீதிமன்றத்தின் சட்டத்தில் ஒரு தரப்பின் பெயரும் இல்லை. 2003 மார்ச்சில் முதற் குற்றப்பத்திரிகைகள் வெளியானபோது கைதானவர்களில் ஒருவர் சாமுவேல் ஹிங்கா நோர்மன், கபாவின் சொந்த உள்நாட்டமைச்சர். போர்க்காலத்தில் பிரதிப் பாதுகாப்பமைச்சராக இருந்துகொண்டு கமஜோர் வேட்டைக்காரர்களை ஒன்றுதிரட்டி மக்கள் பாதுகாப்புப் படையை நடத்தியவர். இராணுவம் கைவிட்ட கிராமங்களைக் காத்தவர்கள் அவர்கள். என் நண்பரின் தம்பி அந்தப் படையில் இருந்தவர். ஆனால் அதே படை, எதிரிக்கு உதவினார்கள் என்று சந்தேகித்தவர்களைக் கொன்றதும், சிறுவர்களைச் சேர்த்ததும் உண்மை. நோர்மன் 2007 பெப்ரவரியில், தீர்ப்பு வருமுன்னர், காவலில் இருந்தபடியே சத்திரசிகிச்சைக்குப் பின் இறந்தார். மென்டே கிராமங்கள் அவரை வீரனாகவே அழுது புதைத்தன.

அவரோடு குற்றஞ்சாட்டப்பட்ட இருவருக்கும் 2007இல் கிடைத்த தண்டனை ஆறு ஆண்டும் எட்டு ஆண்டும். அவர்கள் ஜனநாயக அரசை மீட்கப் போராடியவர்கள் என்பதைக் கருத்தில் கொண்டு விசாரணை மன்று தண்டனையைக் குறைத்திருந்தது. 2008 மேயில் மேன்முறையீட்டு மன்று அந்த வாதத்தைத் தள்ளியது. போராட்டத்தின் நோக்கம் நியாயமானது என்பதற்காக ஒரு போர்க்குற்றத்தின் கனம் குறையாது என்று சொல்லித் தண்டனையை 15 ஆண்டுகளாகவும் 20 ஆண்டுகளாகவும் உயர்த்தியது.

நான் திரும்பத் திரும்ப வாசித்தது இந்த ஒரு முடிவைத்தான். எங்கள் போராட்டத்தின் வரலாற்றில் எத்தனை கொலைகள் நோக்கத்தின் பெயரால் மூடப்பட்டன! சகோதர இயக்கத்தவர், கம்பத்தில் கட்டிச் சுடப்பட்டவர்கள், பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்கள், பள்ளிச் சீருடையோடு கொண்டுபோகப்பட்ட பிள்ளைகள். எதிரியின் குற்றம் இவற்றைவிடப் பெரியது என்று சொல்லிக்கொண்டோம். அது உண்மையாகவும் இருக்கலாம். பிறீரவுனில் அந்த ஒப்பீடு எடுபடவில்லை.

2007 யூனில் அந்த நீதிமன்றம், சிறுவரைப் படையில் சேர்த்ததற்காக உலகின் முதலாவது சர்வதேசக் குற்றத்தீர்ப்பை வழங்கியது. அதே ஆண்டு நவம்பரில் கருணா லண்டனில் கைதானார். கிழக்கில் பிள்ளைபிடிப்புக்குப் பொறுப்பானவர் என்று மனித உரிமை அமைப்புகள் குற்றஞ்சாட்டிய முன்னாள் தளபதி, பொய்ப்பெயரிலான இராஜதந்திரக் கடவுச்சீட்டில் வந்து அகப்பட்டிருந்தார். போர்க்குற்றத்துக்காக இங்கேயே வழக்குத் தொடருங்கள் என்று அந்த அமைப்புகள் கேட்டன. போதிய சான்றில்லை என்று அது நடக்கவில்லை. கடவுச்சீட்டு மோசடிக்கு ஒன்பது மாதச் சிறை. 2008 யூலையில் நாடுகடத்தப்பட்டார். அதே ஆண்டு பாராளுமன்ற உறுப்பினராகவும் அடுத்த ஆண்டு அமைச்சராகவும் ஆனார். சான்று எங்கே இருந்தது? பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களில் பல இந்த ஐரோப்பிய நகரங்களிலும் வாழ்ந்தன. எத்தனை பேர் பேசியிருப்பார்கள், பேசியவர்களை எம் சமூகம் எப்படி நடத்தியிருக்கும் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

5

சியரா லியோன் நீதிமன்றத்துக்கும் இலங்கைக்கும் இடையே இன்னொரு தொடர்பு உண்டு. ரெய்லரின் வழக்கு பாதுகாப்புக் காரணங்களுக்காக ஹேக் நகருக்கு மாற்றப்பட்ட 2006 யூனில் அந்த நீதிமன்றத்தின் தலைவராக இருந்தவர் இலங்கை நீதிபதி ராஜா பெர்னாண்டோ. ரெய்லர் நைஜீரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட அந்த ஆண்டு மார்ச்சில் தலைமை வழக்குத் தொடுனராக இருந்தவர் சேர் டெஸ்மன்ட் டி சில்வா. கண்டியின் அரசியற் குடும்பமொன்றில் வந்து லண்டனின் புகழ்பெற்ற வழக்கறிஞரானவர். இலங்கையில் பிறந்த ஒருவர் ஒரு நாட்டின் முன்னாள் ஜனாதிபதியைக் கூண்டிலேற்றினார் என்பது எமக்கு நம்பிக்கை தரவேண்டிய செய்தி.

2014 யூலையில் மஹிந்த ராஜபக்ஷ அரசு, காணாமற்போனோர் பற்றிய பரணகம ஆணைக்குழுவுக்கு வெளிநாட்டு ஆலோசகர்களை நியமித்தது. தலைவராக வந்தவர் அதே டெஸ்மன்ட் டி சில்வா. உடன் வந்தவர்களில் ஒருவர் சியரா லியோன் நீதிமன்றத்தின் முதலாவது வழக்குத் தொடுனரான டேவிட் கிரேன். 2015 ஒக்ரோபரில் வெளியான ஆணைக்குழு அறிக்கை, இறுதிப்போரின் உயிரிழப்புகளுக்குப் புலிகள் மக்களைக் கேடயமாக வைத்ததையே முதன்மைக் காரணமாகச் சொல்லி, 40,000 என்ற ஐ.நா. நிபுணர் குழுவின் கணக்கை மறுத்தது. வெள்ளைக்கொடியோடு சரணடைந்தவர்களின் விடயம் போன்ற சில குற்றச்சாட்டுகள் விசாரிக்கப்படவேண்டியவை என்றும் சொன்னது.

அந்த நீதிமன்றத்தின் மூன்றாவது வழக்குத் தொடுனரான ஸ்ரீபன் ராப் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார். அமெரிக்காவின் போர்க்குற்ற விவகாரத் தூதுவராக 2014 சனவரியில் முல்லைத்தீவுக்குப் போய் அந்தோனியார் மைதானத்தில் நின்றார். 2009 சனவரியில் இராணுவத்தின் எறிகணைகளால் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் கொல்லப்பட்ட இடம் என்று குறிப்பிட்டு அந்தப் படத்தை அமெரிக்கத் தூதரகம் வெளியிட்டது.

ஒரே நீதிமன்றத்தில் ஒருவர் பின் ஒருவராக வழக்கு நடத்திய மூவர் எங்கள் மண்ணில் இப்படி இரண்டு பக்கமாக நின்றார்கள். இதில் துரோகம் என்று சத்தமிட எனக்கு விருப்பமில்லை. அவர்கள் சட்டவாளர்கள். தம்மை அழைத்தவர் கொடுத்த கேள்விக்குத் தம் கையிலிருந்த சான்றை வைத்துப் பதில் சொன்னார்கள். சியரா லியோனில் அந்தக் கேள்வியைக் கேட்டது நீதிமன்றம். இலங்கையில் கேட்டவை அரசுகள். சுதந்திரமான ஒரு மன்று இல்லாத இடத்தில் மிகச் சிறந்த வழக்கறிஞரும் ஒரு தரப்பின் வழக்கறிஞராகவே முடிகிறார்.

அப்படியொரு மன்று எமக்கும் கிட்ட வந்துபோனது. 2015 செப்ரெம்பரில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சர்வதேச நீதிபதிகளையும் கொண்ட கலப்பு நீதிமன்றத்தைப் பரிந்துரைத்தது. ஒக்ரோபர் 1இல் வந்த பேரவைத் தீர்மானத்தில் இலங்கை அரசும் இணைந்து கைச்சாத்திட்டது. வெளிநாட்டு நீதிபதிகள் என்ற பேச்சு பின் கொழும்பில் ஒவ்வொரு மேடையிலும் மறுக்கப்பட்டது. 2020 பெப்ரவரியில் அரசு தன் இணை அனுசரணையை விலக்கிக்கொண்டது. 2021 மார்ச் தீர்மானத்தின்படி ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சான்றுகளைச் சேகரித்துப் பாதுகாக்கத் தொடங்கியது. 2025 மார்ச்சில் பிரித்தானியா நால்வர் மீது தடை விதித்தது: மூவர் அரச படைகளின் முன்னாள் தளபதிகள், நான்காமவர் கருணா. 2008இல் கடவுச்சீட்டு வழக்கோடு அனுப்பிவைத்தவரை 17 ஆண்டுகள் கழித்து மனித உரிமை மீறலுக்காகப் பட்டியலிட்டது லண்டன்.

6

சியரா லியோன் நீதிமன்றத்தையும் பெரிதாகப் புகழ்ந்துவிட முடியாது. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 13 பேர்தான். தண்டனை பெற்றவர்கள் ஒன்பது பேர். சன்கோ விசாரணைக்கு முன்னரே இறந்தார். இரத்த வைரத்தை வாங்கி மினுக்கி விற்ற ஐரோப்பிய வியாபாரி ஒருவரும் அந்தப் பதின்மூவரில் இல்லை. ஆயுதம் விற்றவரும் இல்லை. 2010 ஓகஸ்டில் ரெய்லர் வழக்கில் ஒரு லண்டன் அழகி சாட்சி சொன்ன நாளில்தான் இங்குள்ள பல பத்திரிகைகள் அந்த வழக்கைத் தம் முதற்பக்கத்துக்குக் கொண்டுவந்தன. கை வெட்டப்பட்டவர்களுக்கு நட்டஈட்டுத் திட்டம் தொடங்க 2008 ஆயிற்று. ஆயிரக்கணக்கானோருக்கு அதில் முதலில் கிடைத்தது ஆளுக்கு ஏறத்தாழ 100 டொலர். சிறையில் இருந்தவர்கள் தங்களைவிட நன்றாகச் சாப்பிடுகிறார்கள் என்று கையிழந்தவர்கள் சொன்னதில் நியாயமிருந்தது.

ஆயினும் 2012 ஏப்ரல் 26இல் ரெய்லர் 11 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளியாகக் காணப்பட்டார். 50 ஆண்டுகள். நூரெம்பேர்க்குக்குப் பின் சர்வதேச நீதிமன்றமொன்றால் தண்டிக்கப்பட்ட முதல் அரசுத் தலைவர். அவரை எந்த நாட்டில் அடைப்பது என்ற சிக்கல் 2006இலேயே வந்தபோது பிரித்தானியா இடம் தர முன்வந்திருந்தது. 2013 ஒக்ரோபரில் அவர் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டார். 1787இல் லண்டன் தன் ஏழைக் கறுப்பினத்தவரைக் கப்பலேற்றி அனுப்பிய அந்தக் கரையின் பெயரால் தண்டிக்கப்பட்ட ஒருவர், இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறைக்கு வந்து சேர்ந்தார்.

அந்த வாரம் என் நண்பரைத் தொலைபேசியில் அழைத்தேன். வேலையிலிருந்து இளைப்பாறி அவர் இன்னும் பெக்கத்தில்தான் இருந்தார். ரெய்லரைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். பிறகு தன் தம்பியைப் பற்றி முதல்தடவையாகச் சொன்னார். நல்லிணக்க ஆணைக்குழு தங்கள் பகுதிக்கு வந்தபோது தம்பி எழுந்து, தன் குழு ஒரு கிராமத்தில் செய்ததைச் சொன்னானாம். உறவினர் பலர் அவனோடு கதைப்பதை நிறுத்திவிட்டார்கள். தானும் இரண்டு வருடம் கதைக்கவில்லை என்றார். "நோர்மனைக் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று நினைத்தேன். அந்தக் கிராமத்துக் கிழவி ஒருத்தி, தன் மகனை எங்கே புதைத்தார்கள் என்று அவன் சொல்லித்தான் அறிந்தாளாம். அதைக் கேட்ட பிறகுதான் தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன்."

2009இல் கேட்ட கேள்வியை அவர் திரும்பக் கேட்கவில்லை. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பிள்ளைகளின் படங்களோடு தாய்மார் 2017 முதல் வீதியோரத்தில் இருந்தார்கள். பலர் பதில் கிடைக்காமலே இறந்துபோனார்கள். இராணுவத்திடம் கையளித்த பிள்ளையைக் கேட்கும் தாய்க்கு அரசு பதில் சொல்லவேண்டும். அதற்காக ஜெனீவாவின் கதவையும் லண்டனின் கதவையும் தட்டிக்கொண்டே இருக்கவேண்டும். ஆனால் இயக்கங்கள் கொண்டுபோன பிள்ளைகளின் தாய்மாரும் அதே ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லக்கூடிய பதில் கொழும்பில் இல்லை. ஹறோவிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் வரவேற்பறைகளில் இருந்து பழைய கதை கதைக்கும் எம்மவர் சிலரிடம் இருக்கிறது. எங்கே புதைத்தார்கள் என்று தெரிந்தவர்கள் எழுபது வயதை எட்டிவிட்டார்கள். நீதிமன்றம் வரும்வரை அவர்கள் காத்திருக்கத் தேவையில்லை.